பறக்கும் டச்சுக்காரன்: கரை சேராத ஒரு கப்பலின் கதை

'பறக்கும் டச்சுக்காரன்' என்ற பேய்க்கப்பலின் பெயரை எங்கேயாவது கேட்டிருப்பீர்கள். பரவலாகச் சொல்லப்படும் கதை இதுதான். ஆப்பிரிக்காவின் தென்மேற்குக் கோடியில் இருக்கிறது நன்னம்பிக்கை முனை. அங்கே புயலில் மாட்டிக்கொண்ட ஒரு டச்சுக் கப்பலின் கேப்டன், "இறுதித் தீர்ப்பு நாள்வரை இங்கேயே அலைந்தாலும் சரி, விடமாட்டேன்" என்று சபதம் போட்டான். அந்த வாய்ச்சொல் அப்படியே பலித்துவிட்டது. அன்றிலிருந்து அவனும் அவன் ஆட்களும் கரை காணாமல் அலைகிறார்கள். புயல் நேரத்தில் அந்தக் கப்பல் எதிரே வந்தால் பார்த்தவர்களுக்குக் கேடு.

ஆணவம் பிடித்த கேப்டன், அவனுக்குக் கிடைத்த சாபம். இதோடு கதை முடிந்தது என்றுதான் நானும் பல காலம் நினைத்திருந்தேன். கதை முதலில் அச்சேறிய வடிவத்தைப் படித்த பிறகுதான் மனம் மாறியது. 1790ல் ஜான் மெக்டொனால்ட் என்ற ஸ்காட்லாந்துக்காரர் தன் பயண அனுபவங்களைப் புத்தகமாக வெளியிட்டார். பெரிய வீட்டுக்காரர்களிடம் பணியாளாக இருந்து, அவர்களோடு ஊர் ஊராகப் போனவர் அவர். கப்பலில் மாலுமிகள் பேசிக்கொண்டதை அதில் எழுதியிருக்கிறார். புயலில் அடிபட்டு வந்த ஒரு டச்சுக் கப்பல் கேப் துறைமுகத்துக்குள் நுழையப் பார்த்ததாம் ('கேப்' என்பது நன்னம்பிக்கை முனைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் சுருக்கப் பெயர்). உள்ளே வழிகாட்டிக் கூட்டிப்போக ஒரு பைலட்கூடக் கிடைக்கவில்லையாம். கப்பல் அங்கேயே அழிந்துபோனதாம். அதிலிருந்துதான் மோசமான வானிலையில் அதன் உருவம் தென்படுகிறதாம்.

இதில் ஆணவம் எங்கே இருக்கிறது? சாபம் எங்கே இருக்கிறது? உதவி கேட்டு வாசல்வரை வந்த கப்பலுக்குக் கதவு திறக்கவில்லை, அவ்வளவுதான். சபதம், தீர்ப்பு நாள் எல்லாம் பிற்பாடு ஒட்டிக்கொண்டவை. பழைய வடிவத்தை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால்தான் இந்தக் கதை எப்படிப் பிறந்தது என்பது பிடிபடும்.

முதலில் பெயர். 'டச்சுக்காரன்' என்றால் கேப்டனா, கப்பலா? இரண்டுக்கும் அந்தப் பெயர் வழங்குகிறது. ஆனால் அக்கால ஆங்கில மாலுமிகள் கப்பலையே ஆளைப் போலச் சொல்வார்கள். இந்தியாவுக்குப் போகும் வணிகக் கப்பல் அவர்களுக்கு 'இந்தியாமேன்'. அதே வழக்கில் ஹாலந்துக் கப்பல் 'டச்சுமேன்'. ஆக, பறப்பது முதலில் கப்பல்தான். கப்பல் எப்படிப் பறக்கும் என்பதைக் கொஞ்சம் கழித்துப் பார்ப்போம்.

அந்தக் கடலில் டச்சுக் கப்பலுக்கு என்ன வேலை? 1602ல் டச்சு கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கியது. 1799ன் கடைசி நாளில் அது கலைக்கப்படும்வரை, ஏறத்தாழ 200 ஆண்டுகளில், ஆசியாவை நோக்கி 4,700க்கு மேற்பட்ட பயணங்கள் புறப்பட்டன. அவற்றில் ஏறியவர்கள் கிட்டத்தட்ட பத்து லட்சம் பேர். மாலுமிகள், சிப்பாய்கள், தச்சர்கள், எழுத்தர்கள் என்று எல்லா வகை ஆட்களும் அதில் அடக்கம். சுமார் மூன்றில் ஒருவர்தான் ஊர் திரும்பினார். சிலர் ஆசியாவிலேயே தங்கிவிட்டார்கள். பெரும்பாலோர் நோயில் செத்தார்கள். கப்பலோடு மூழ்கியவர்கள் அந்தக் கணக்கில் ஒரு பகுதிதான். ஆனால் ஒரே நாளில் இருநூறு, முந்நூறு பேர் இல்லாமல் போவது அப்படித்தான்.

கேப் துறைமுகம் உருவானதே ஒரு கப்பல் உடைந்ததால்தான். 1647 மார்ச்சில் நியூவ ஹார்லெம் என்ற கப்பல், சரக்கோடு நாடு திரும்பும் வழியில், இன்றைய கேப் டவுன் இருக்கும் டேபிள் விரிகுடாவில் தரைதட்டியது. சரக்கைக் காக்க ஏறத்தாழ அறுபது பேர் ஓராண்டு அங்கேயே கொத்தளம் கட்டித் தங்கினார்கள். அங்கே நல்ல தண்ணீர் இருக்கிறது, காய்கறி விளைகிறது, ஒரு நிலையம் போடலாம் என்று அவர்கள் ஊர் திரும்பிச் சொன்னார்கள். அந்த நிலையத்தை அமைக்கக் கம்பெனி அனுப்பிய யான் வான் ரீபெக் 1652 ஏப்ரலில் வந்து இறங்கினார். அதன் பிறகு பல மாதக் கடல் பயணத்தின் நடுவில் மூச்சுவிட இருந்த இடம் அதுதான். ஈறு வீங்கிப் பல் ஆடும் ஸ்கர்வி நோயாளிகளுக்கு அங்கே கீரையும் பழமும் கிடைக்கும். ஆகவே 'கேப்பில் நுழைய முடியவில்லை' என்பது அந்த மனிதர்களுக்கு உயிர்போகும் விஷயம்.

சரி, ஏன் நுழைய முடியாது? அடுத்து வருவது கொஞ்சம் கணக்கு. ஆனால் இது புரிந்தால் கதையின் பாதி புரிந்துவிடும்.

அந்தக் காலத்துப் பெரிய வணிகக் கப்பல்களின் முக்கியப் பாய்கள் சதுரமானவை. பின்னாலிருந்தோ பக்கவாட்டிலோ காற்று வந்தால் அருமையாக ஓடும். எதிர்க்காற்றில் நேரே போகவே முடியாது. காற்று வரும் திசைக்கு 65, 70 பாகைவரைதான் நெருங்கலாம். அதனால் இடப்பக்கம் சாய்ந்து கொஞ்ச தூரம், பிறகு திரும்பி வலப்பக்கம் சாய்ந்து கொஞ்ச தூரம் என்று குறுக்கும் நெடுக்குமாக ஓடித்தான் முன்னேற வேண்டும். அப்படி ஒரு மைல் முன்னேற இரண்டரை மைலுக்கு மேல் ஓட வேண்டும். ஓடும்போது காற்று கப்பலைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே இருக்கும். நீரோட்டமும் எதிராக இருந்தால், நாள் முழுக்கப் பாடுபட்டுவிட்டு மாலையில் பார்த்தால் காலையில் பார்த்த அதே மலை அதே இடத்தில் நிற்கும். சில நாள் இன்னும் தள்ளிப் போயிருக்கும்.

டேபிள் விரிகுடாவில் கோடைக்காலத்தில் தென்கிழக்குக் காற்று மலையிலிருந்து இறங்கிக் கடலை நோக்கி அடிக்கும். வரும் கப்பலுக்கு அது எதிர்க்காற்று. குளிர்காலத்தில் வடமேற்குப் புயல் கடலிலிருந்து விரிகுடாவுக்குள் அடிக்கும். உள்ளே நங்கூரமிட்டு நிற்கும் கப்பலையும் அறுத்து எடுத்துக் கரையில் மோதும். முனைக்குக் கிழக்கே அகுல்ஹாஸ் நீரோட்டம் தென்மேற்காக ஆற்றைப் போல் ஓடுகிறது. நாடு திரும்பும் கப்பலுக்கு அது துணைதான். ஆனால் மேற்கிலிருந்து புயல் வந்து அந்த ஓட்டத்தை எதிர்த்தால் அலைகள் சுவர் போல எழும்பும். 1488ல் இந்த முனையைச் சுற்றிவந்த போர்த்துக்கீசிய மாலுமி பார்த்தலோமியோ டயஸ் இதற்குப் 'புயல் முனை' என்று பெயர் வைத்தார் என்பார்கள். 1500ல் இதே கடற்பகுதியில் புயலில் சிக்கித்தான் அவர் மாண்டார்.

இப்போது 'பறப்பது' புரியும். புயலில் எந்தக் கப்பலும் பாய்களைச் சுருட்டி, ஒன்றிரண்டு சின்னப் பாய்களோடு தாக்குப்பிடிக்கும். கதையில் வரும் கப்பலோ எல்லாப் பாய்களையும் விரித்தபடி, எதிர்க்காற்றுக்குள் நேரே பாய்ந்து வருகிறது. தரையில் இருக்கும் நமக்கு இதில் என்ன அதிசயம் என்று தோன்றும். மாலுமிக்கு அதைப் பார்த்த கணமே வயிறு கலங்கும். எத்தனை பாடுபட்டாலும் தன் கப்பலால் முடியாத ஒன்றை அது செய்கிறது. அத்தனை வேகம் இருந்தும் அதற்குக் கரை மட்டும் கிடைக்கவில்லை. ஒரு மாலுமியின் கெட்ட கனவை இதைவிடச் சரியாக யாரும் சொல்லிவிட முடியாது.

கரைக்கு எட்டும் தூரத்தில் வந்தும் உதவி கிடைக்காத கப்பல் என்பது வெறும் கற்பனையும் இல்லை. 1773 ஜூன் 1 அன்று டேபிள் விரிகுடாவில் நடந்ததைப் பாருங்கள். வடமேற்குப் புயலில் யோங்க தாமஸ் என்ற கம்பெனிக் கப்பல் நங்கூரம் அறுந்து மணல்திட்டில் ஏறியது. கரையில் நிற்பவர்களுக்குக் கப்பலில் இருந்தவர்களின் கூக்குரல் கேட்கும் தூரம். கம்பெனி அங்கே சிப்பாய்களை அனுப்பியிருந்தது. கரை ஒதுங்கும் சரக்கை யாரும் தூக்கிப் போகாமல் காவல் காப்பதுதான் அவர்களுக்கு இட்ட வேலை. அந்தக் காவலில் இருந்த தன் மகனுக்குச் சாப்பாடு கொண்டுவந்தார் வோல்ராட் வோல்டமாடே என்ற முதியவர். குதிரையில் வந்தவர், நிலைமையைப் பார்த்ததும் குதிரையோடு அலைக்குள் இறங்கினார். கப்பல் அருகே போய், இரண்டு பேர் குதித்துக் குதிரையின் வாலைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று கத்தினார். இரண்டிரண்டு பேராக ஏழு முறை. பதினான்கு பேர் கரை சேர்ந்தார்கள். எட்டாம் முறை போனபோது கப்பல் உடையத் தொடங்கியது. இதுதான் கடைசி வாய்ப்பு என்று ஆறு பேர் ஒரே நேரத்தில் குதிரையைப் பிடித்தார்கள். களைத்திருந்த குதிரை தாங்கவில்லை. எல்லோரும் மூழ்கினார்கள். கப்பலில் இருந்த 191 பேரில் 138 பேர் போய்விட்டார்கள். பிறகு கம்பெனி ஒரு கப்பலுக்கு 'வீரர் வோல்டமாடே' என்று பெயர் சூட்டியது.

இந்தக் கப்பலிலிருந்துதான் பேய்க்கப்பல் கதை பிறந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் பைலட் கிடைக்காமல் வாசலிலேயே அழிந்த கப்பலைப் பற்றிப் பேசிய மாலுமிகள் எந்த மாதிரி கடலில் வேலை செய்தார்கள் என்பது இதில் தெரிகிறது.

கண்ணெதிரே உடைந்தால் அழவாவது முடியும். காணாமல் போனால்? 1694 பிப்ரவரியில் ரிட்டர்ஸ்காப் வான் ஹாலந்து என்ற கப்பல் கேப்பிலிருந்து பத்தாவியாவுக்குக் கிளம்பியது. பத்தாவியா என்பது இன்றைய ஜகார்த்தா. சுமார் 300 பேரோடு போன கப்பல் போய்ச் சேரவில்லை. ஒரு பலகைத் துண்டுகூடக் கிடைக்கவில்லை. ஒருவேளை ஆஸ்திரேலியக் கரையில் யாராவது உயிரோடு இருப்பார்களோ என்று, வேறு வேலைகளோடு அதையும் தேடச் சொல்லி, 1696ல் வில்லெம் டி விளாமிங் தலைமையில் மூன்று கப்பல்களைக் கம்பெனி அனுப்பியது. அவர்கள் ஒரு தீவில் பூனை அளவு எலிகளைப் பார்த்ததாக நினைத்து, அதற்கு 'எலிக்கூடு' என்ற பொருளில் ராட்னெஸ்ட் என்று பெயர் வைத்தார்கள். அவை எலிகள் அல்ல, குவாக்கா என்ற, கங்காரு போல வயிற்றுப் பையில் குட்டி சுமக்கும் சிறு விலங்குகள். ஒரு ஆற்றில் கருப்பு அன்னங்களைக் கண்டார்கள். அன்னம் என்றாலே வெள்ளைதான் என்றிருந்த ஐரோப்பாவுக்கு அது பெரிய செய்தி. தேடிப்போன கப்பல் மட்டும் கிடைக்கவில்லை.

சயிட்டோர்ப் என்ற இன்னொரு கப்பல் 1712ல் இதே போலக் கேப்பைத் தாண்டியபின் மறைந்தது. ஒருவர்கூடச் செய்தி சொல்ல வரவில்லை. இருபதாம் நூற்றாண்டில்தான் மேற்கு ஆஸ்திரேலியாவின் செங்குத்துப் பாறைகளுக்கடியில் அதன் சிதைவுகள் அடையாளம் காணப்பட்டன. உள்ளே 1711ல் அச்சிட்ட வெள்ளிக் காசுகள் குவியலாகக் கிடந்தன. கடலில் தீர்க்கரேகையைச் சரியாகக் கணிக்கும் கடிகாரம் 1760கள்வரை வரவில்லை. கிழக்கே எவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்பது உத்தேசம்தான். வடக்கே திரும்ப வேண்டிய இடத்தைத் தவறவிட்டால் முன்னால் ஆஸ்திரேலியப் பாறைகள்.

இப்படி ஒரு கப்பல் வராவிட்டால் ஊரில் இருப்பவர்கள் என்ன செய்வார்கள்? காத்திருப்பார்கள். ஹாலந்திலிருந்து பத்தாவியாவுக்குக் கடிதம் போக எட்டு மாதம் ஆகலாம். பதில் கைக்கு வர ஒன்றரை வருடம், இரண்டு வருடம். கணவன் உயிரோடிருக்கிறானா இல்லையா என்று தெரியாமலே குழந்தை பேசப் பழகிவிடும். இந்தக் காத்திருப்பு கதைக்குள் நுழைந்தது 1821ல். அந்த ஆண்டு எடின்பரோவின் 'பிளாக்வுட்ஸ்' பத்திரிகையில் ஒரு சிறுகதை வந்தது. கேப்டனுக்கு வான் டெர் டெக்கன் என்ற பெயரும் அந்தப் புகழ்பெற்ற சபதமும் கிடைத்தது இதில்தான். ஆனால் கதையின் உயிர் சபதத்தில் இல்லை. கடிதங்களில் இருக்கிறது.

புயலில் பேய்க்கப்பலிலிருந்து ஒரு படகு வருகிறது. வந்த மாலுமி கேட்பது ஒன்றே ஒன்று: நீங்கள் ஊருக்குத்தானே போகிறீர்கள், எங்கள் கடிதங்களை எடுத்துப் போகிறீர்களா? முகவரிகளைப் பார்த்தால் யாருமே உயிரோடில்லை. எல்லோரும் எப்போதோ செத்துப்போனவர்கள். இவர்கள் எடுத்துச் சொல்லியும் வந்தவனுக்குப் புரியவில்லை, எழுபது வருடம் ஓடிப்போனது அவனுக்குத் தெரியாது. கடிதங்களைத் தொட இவர்களுக்குப் பயம். வந்தவர்கள் அவற்றை மேல்தளத்தில் வைத்து, காற்றில் பறக்காமல் ஓர் இரும்புத் துண்டை மேலே வைத்துவிட்டுப் போகிறார்கள். அடுத்த பெரிய அலையில் கப்பல் சாய, கடிதங்கள் கடலில் பறந்துவிடுகின்றன.

இந்த இரும்புத் துண்டைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும். ஊர்க் கடிதத்தின் மேல் கனம் வைப்பது கேப்பில் நிஜமாகவே இருந்த வழக்கம். ரீபெக் வருவதற்கு முன்பே, தபால் நிலையம் எதுவும் இல்லாத காலத்தில், டேபிள் விரிகுடாவில் நின்ற கப்பல்காரர்கள் கடிதங்களைத் தார் பூசிய கித்தான் துணியில் சுற்றி ஒரு கல்லுக்கடியில் வைப்பார்கள். கல்லின் மேல் கப்பலின் பெயர், கேப்டன் பெயர், வந்த தேதி எல்லாவற்றையும் செதுக்கிவிட்டுப் போவார்கள். எதிர்த்திசையில் போகும் கப்பல் வரும்போது கல்லைப் புரட்டி எடுத்துக்கொண்டு போகும். முன்பின் தெரியாத ஒருவன் தன் கடிதத்தை வீட்டில் சேர்ப்பான் என்ற நம்பிக்கை ஒன்றுதான் அங்கே தபால்துறை. அந்த அஞ்சல் கற்கள் சிலவற்றைக் கேப் டவுன் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள்.

கேப்டனுக்கு நிஜ ஆள் யாராவது உண்டா என்று தேடுபவர்கள் பெர்னார்ட் ஃபோக்க என்பவரைக் காட்டுவார்கள். இவர் 1678ல் ஹாலந்திலிருந்து பத்தாவியாவுக்கு மூன்று மாதமும் சில நாட்களும் எடுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தாராம். மற்றவர்களுக்கு அதில் இரண்டு மடங்குக்கு மேல் ஆகும். பிசாசோடு ஒப்பந்தம் போட்டிருக்கிறான் என்று பேச்சு எழுந்தது. வேகத்துக்குச் சாட்சி, அவர் கவர்னர் ஜெனரலிடம் ஒப்படைத்த கடிதக் கட்டு. இங்கேயும் கடிதம்தான். அந்தக் கவர்னர் ஜெனரல் ரைக்லாஃப் வான் கூன்ஸ். நம்மவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய பெயர். 1658ல் யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கீசியரிடமிருந்து பிடித்த டச்சுப் படைக்குத் தலைவர் அவர். அதே ஆண்டில் நாகப்பட்டினமும் டச்சுக்காரர் கைக்குப் போனது. ஈழத்தில் இன்றும் அலுவலகத்தைக் 'கந்தோர்' என்கிறார்களே, அது அந்த ஒல்லாந்தர் விட்டுப்போன சொல்.

அப்புறம் எல்லோரும் கேட்கும் கேள்வி: பார்த்தேன் என்று சொன்னவர்கள் எதைப் பார்த்தார்கள்? பல காட்சிகளுக்குக் கானல் ஒரு நல்ல விடை. வெயில் நாளில் தார்ச்சாலையில் தண்ணீர் தேங்கியது போல் தெரிவது நமக்குப் பழக்கம். அங்கே தரையை ஒட்டிய காற்று சூடு, மேலே குளிர்ச்சி. ஒளி மேல்நோக்கி வளைந்து வானத்தைத் தரையில் காட்டுகிறது. குளிர்ந்த கடலின் மேல் இது தலைகீழாக நடக்கும். கீழே குளிர்ந்த காற்று, அதற்கு மேல் சூடான காற்று. ஒளி கீழ்நோக்கி வளையும். தொடுவானத்துக்கு அப்பால் மறைந்திருக்க வேண்டிய கப்பல் மேலே தூக்கிக் காட்டப்படும். சில நேரம் நீண்டு, சில நேரம் தலைகீழாக, ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கியது போல, தண்ணீரைத் தொடாமல் மிதக்கும். காற்றின் அடுக்கு கலைந்ததும் சட்டென்று மறையும். கேப்பின் மேற்குப் பக்கம் ஓடும் பெங்குவேலா நீரோட்டம் நல்ல குளிர், அகுல்ஹாஸ் வெப்பம். இரண்டும் அருகருகே இருக்கும் கடலில் இந்த விளையாட்டுக்குப் பஞ்சமில்லை.

எல்லாவற்றையும் கானல் விளக்கிவிடாது. 1881 ஜூலை 11, அதிகாலை நான்கு மணி. பின்னாளில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரான இளவரசரும் அவர் அண்ணனும் சென்ற ஆங்கிலப் போர்க்கப்பல், மெல்போர்னுக்கும் சிட்னிக்கும் இடையே போய்க்கொண்டிருந்தது. சிவந்த ஒளியில் ஒரு பாய்மரக் கப்பல் 200 கஜ தூரத்தில் தெரிந்ததாக அவர்களுடைய பயணக் குறிப்பு சொல்கிறது. பார்த்தவர்கள் பதின்மூன்று பேர். முதலில் பார்த்துச் சொன்ன மாலுமி அன்று காலை 10.45க்குப் பாய்மரத்தின் உச்சியிலிருந்து விழுந்து இறந்தான். அந்த இடம் கேப்பிலிருந்து பல ஆயிரம் மைல். கடலில் விளங்காத எதைக் கண்டாலும் 'டச்சுக்காரன்' என்று சொல்லும் வழக்கம் அதற்குள் வந்துவிட்டிருந்தது.

அதற்கு முன்பே கதை மேடையேறியும் விட்டது. புயலில் அடிபட்டு நார்வேக் கரையில் ஒதுங்கிய 1839 பயண அனுபவத்தோடு ரிச்சர்ட் வாக்னர் இதை இசை நாடகமாக்கி, 1843ல் டிரெஸ்டனில் அரங்கேற்றினார். அதில் கேப்டன் ஏழாண்டுக்கு ஒருமுறை கரையிறங்கலாம், உண்மையான காதல் கிடைத்தால் விடுதலை. உலகம் முழுக்கக் கதை பரவ அதுவும் ஒரு முக்கியக் காரணம். கடிதங்கள் பின்னுக்குப் போய்விட்டன.

ஆனால் கொண்டு சேர்க்கப்படாத அந்தக் கடிதங்கள் நிஜமாகவே இருக்கின்றன. போர்க்காலங்களில் ஆங்கிலேயர் பிடித்த கப்பல்களில் இருந்த தபால் பைகளை நீதிமன்றச் சான்றாக வாங்கி வைத்துக்கொண்டார்கள். லண்டனில் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் அப்படிச் சிக்கிய டச்சுக் கடிதங்கள் மட்டும் சுமார் 38,000. மாலுமி மனைவிக்கு எழுதியது, மனைவி மாலுமிக்கு எழுதியது, தாய் மகனுக்கு எழுதியது எல்லாம் உண்டு. உறை பிரிக்காத கடிதங்களும் கட்டுக்கட்டாக இருந்தன. அந்தத் தாள்களுக்கு நடுவே ஒரு சிவப்புத் தோல் கைப்பை கிடைத்தது. யான் டெயர்லிங்க் என்ற டச்சு வணிகர் 1803ல் ஊர் திரும்பும் வழியில் கேப்பில் இறங்கியபோது சேகரித்த விதைகள், சின்னச் சின்னக் காகிதப் பொட்டலங்களில், முப்பத்திரண்டு வகை. அவர் வந்த கப்பலை ஆங்கிலேயர் பிடித்ததால் அவை ஹாலந்து போய்ச் சேரவில்லை. 2006ல் தாவரவியலாளர்கள் அவற்றில் சிலவற்றை எடுத்து முளைக்கப் போட்டார்கள். மூன்று வகை முளைத்தன.